வசதிப்படும்போது அனுப்பினால் போதும்

அன்புத் தங்கை தையல் டீச்சருக்கு,

போன வருடம் ஒருநாள் போனில் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "காசு கொடுத்தவ நானு. கெஞ்ச வேண்டியவளும் நானா அண்ணே?" என்றீர்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஒரு பழமொழியைச் சொல்லி உங்கள் வாயை அடைத்தேன். பூமியை ஆள வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. முழுப் பணமும் கட்டிய ஒரு எம்பிராய்டரி மெஷினைத்தான் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு இன்றுதான் ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். தாமதமாக வந்த விடைத்தாளுக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் நீங்கள் போட வேண்டாம். படித்தால் போதும்.

இங்கே நாங்கள் நலம். என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் மாணவனைப் போல விடுப்பு கேட்கிறது. நம் பள்ளியில் மணியைக் கழற்றிவிட்டு மின்சார மணி வைத்திருக்கிறார்கள். உங்கள் தையல் வகுப்பு இருந்த அறையில் இப்போது பழைய நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் என் தம்பியின் மெஷின் கடைக்கு ஒரு வேலையாகப் போனேன். வாசலில் ஒரு வேன் நின்றது. பலகை அடித்த பெரிய பெட்டி ஒன்றை இரண்டு பேர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் உங்கள் மகளின் கடைப்பெயர். அதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே வேறொரு பெயரை எழுதியிருந்தார்கள். நானும் வாழ்நாள் முழுக்க அடித்தல் திருத்தல் பார்த்தவன் அல்லவா, கீழே இருந்த எழுத்து சுலபமாகத் தெரிந்தது.

"என்னடா இது?" என்று கேட்டேன். "இவரு ரெட்டிப்பு விலை கொடுத்தாரு, அவசரமாம். டீச்சருக்கு அடுத்த லோடுல அனுப்பிடலாம்" என்றான். இது எத்தனையாவது லோடு என்று கேட்டேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் போட்டான். "வசதிப்படும்போது அனுப்பினால் போதும்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுவும் யார் கையெழுத்துல, பாரு!"

என் கையெழுத்து, டீச்சர். கீழே உங்கள் ஒப்பம்.

நம் பள்ளியிலிருந்து வெளியே போகும் எந்தக் கடிதமும் என் சிவப்பு மையைத் தொடாமல் போனதில்லை. அதனால்தானே எனக்குச் 'சிவப்பு மை' என்ற பட்டப்பெயரே வந்தது! ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கத்தில், தம்பிக்கு எழுதிய புகாரையும் முதலில் எனக்கே அனுப்பினீர்கள். "தப்பு இருந்தா திருத்திக் கொடுங்கண்ணே" என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. "பதினைந்து நாளில் மெஷின் வர வேண்டும், வராவிட்டால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அடித்தேன். கடுமையான சொல் நமக்கு அழகில்லை என்று உங்களிடம் சொன்னேன். 'வசதிப்படும்போது' என்ற சொல்லைச் சேர்த்து, நானே சுத்தப் பிரதி எழுதி, நீங்கள் ஒப்பமிட்டால் போதும் என்று அனுப்பினேன். நடை அழகுக்காகச் செய்ததாக அன்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். என் தம்பி என்பதால்தான் செய்தேன்.

அந்தப் பெட்டியைப் பார்த்த அன்று மாலையே எங்கள் மாடியில் குடியிருக்கும் வக்கீலம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "சார், பத்து வக்கீல் வச்சிருந்தாலும் உங்க தம்பிக்கு இப்படி ஒரு வரி கிடைச்சிருக்காது. நீங்க ஃப்ரீயா எழுதிக் கொடுத்திருக்கீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதை நம் வகுப்பறைக் கணக்கில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டுரை கொடு என்கிறோம். பையன் கொடுக்கவில்லை. அப்போதே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 'பரவாயில்லை, முடிந்தபோது கொடு' என்று சொல்லிவிட்டால் மறுநாளே காதைத் திருக முடியாது. ஆனால் 'வருகிற திங்கட்கிழமைக்குள் என் மேசைக்கு வர வேண்டும்' என்று புதிதாக, நியாயமான ஒரு நாளைக் குறித்துவிட்டால், அந்தத் திங்களிலிருந்து கேட்கும் உரிமை மறுபடி நம் கைக்கு வந்துவிடும். அந்த நாளும் தாண்டினால் நீங்கள் ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதே மாதிரி மெஷினை வேறு இடத்தில் கூடுதல் விலைக்கு வாங்க நேர்ந்தால் அந்தக் கூடுதலையும் கேட்கலாம்.

கை நழுவிய பேட்ஜ் ஆர்டரைப் பற்றியும் கேட்டேன். விற்பவருக்கு முன்பே தெரிந்திருந்த நஷ்டம் என்றால் அதையும் கேட்கலாமாம், ஆனால் தெரியும் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டுமாம். பணம் கட்டிய அன்று நான் தம்பி கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் அவனிடம், "மூணு ஸ்கூல் பேட்ஜ் அண்ணா. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள தச்சுக் கொடுக்கணும். மெஷின் தள்ளிப்போனா ஆர்டர் போயிடும்" என்றாள். "போகாதும்மா, நான் இருக்கேன்ல" என்றான் அவன். பில்லின் ஓரத்தில் 'ஆறு வாரம்' என்று தன் கையாலேயே எழுதினான். அந்தப் பில் பத்திரமாக இருக்கிறதா?

உங்கள் மகள் தானே உழைத்துப் பிழைக்க வாங்கிய மெஷின் என்பதால் நுகர்வோர் மன்றத்துக்கே போகலாமாம். அங்கே வக்கீல் கூடக் கட்டாயமில்லை. ஆனால் கெடு இரண்டு வருடம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வாதம் வரலாம், அதனால் பில் போட்ட நாளிலிருந்தே எண்ணுங்கள் என்கிறார் வக்கீலம்மா. அப்படி எண்ணினால் நாலு மாதம்தான் மிச்சம். என் பழமொழி உங்களுக்கு எவ்வளவு செலவு வைத்திருக்கிறது, பாருங்கள்.

இடையில் தம்பி பாதிப் பணத்தோடு வந்து, 'கணக்குத் தீர்ந்தது' என்று எழுதிய தாளை நீட்டினால் ஒப்பமிடாதீர்கள். பெற்றுக்கொண்ட தொகையை மட்டும் எழுதி, பாக்கி இருக்கிறது என்றும் எழுதிக் கொடுங்கள்.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீ என் அண்ணனா, அவங்க வக்கீலா?" என்று கத்தினான். ரெண்டும் இல்லடா, சாட்சி என்றேன். "ஃபீஸ் கட்டிப் படிக்க வச்ச நீயே என்னைக் கோர்ட்ல நிறுத்தப் போறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். மூன்று வாரமாக அவன் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் போகிறது.

கடைக்கென்று எடுத்த வாடகை அறையை உங்கள் மகள் காலி செய்துவிட்டாள் என்றும், யாரோ ஒருவருடைய ஆலையில் நாள் முழுக்க நின்றுகொண்டு நூல் வெட்டுகிறாள் என்றும் கேள்விப்பட்டேன். இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம். அதையும் திருத்திவிடுவான் என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ.

இத்துடன் உங்கள் பழைய தாளை வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடுகளுக்குக் கீழே உங்கள் எழுத்து இன்னும் தெளிவாகவே தெரிகிறது. சிவப்பை முழுவதும் விட்டுவிட்டு, நீங்கள் எழுதியதை மட்டும் படியெடுங்கள். பதினைந்து நாள் என்ற இடத்தில் அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் போடுங்கள். முன்பு அனுப்பிய கடிதத்தில் தந்த அவகாசம் இத்துடன் முடிந்தது என்று ஒரு வரி சேருங்கள். நான் பார்த்ததையும் கேட்டதையும் தனித் தாளில் எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். அதை உங்கள் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் மறுபடி தன் கடையின் கதவைத் திறக்கட்டும். அன்றைக்கு இந்த அண்ணனைக் கூப்பிட மனம் வராவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இது கிடைத்த மறுநாள் காலை தபால் அலுவலகம் திறந்ததும் அந்தப் புகாரைத் தம்பி பெயருக்குப் பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு முன் என்னிடம் திருத்த அனுப்பாதீர்கள்.

சாட்சி சொல்லக் காத்திருக்கும்,
உங்கள் அண்ணன்