சவுக்காரம் தேய்த்த சொக்ஸ்

அப்பா,

முதல் பஸ்ஸில் பலாங்கொடைக்குப் போகிறேன். உங்களை எழுப்ப மனம் வரவில்லை. ரொட்டி மூடி வைத்திருக்கிறேன், சம்பலில் உறைப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. வேலைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தங்கம்மா அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்றைய ஓட்டத்துக்கு மெல்லிய நைலோன் சொக்ஸைத்தான் எடுத்துப் போகிறேன். நீங்கள் வாங்கித் தந்த தடித்த பருத்தி சொக்ஸ் கொடியில் காய்கிறது. கோபத்தில் விட்டுப் போகவில்லை. பருத்தி நனைந்தால் கனத்து, மடிப்பு விழுந்து, விரலை அறுக்கிறது.

போன ஞாயிறு மலைப்பாதை ஓட்டத்தில் நடந்ததுதான் மனதை அறுக்கிறது. தேயிலை மலைக்குப் போகுமுன் அட்டை ஏறாமலிருக்க உங்கள் காலில் சவுக்காரம் தேய்ப்பதுபோல, எனக்குத் தெரியாமல் என் சொக்ஸுக்குள்ளும் தேய்த்து வைத்திருந்தீர்கள். மழையில் அது நுரைத்து, சப்பாத்துக்குள் கால் வழுக்கி, கொப்புளம் வெடித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். தூக்க ஓடி வந்த உங்களிடம் எல்லார் முன்னாலும், "ஒங்கள யாரு இதெல்லாம் செய்யச் சொன்னா?" என்று கத்தினேன்.

"அட்டை கடிக்கும்னுதாம்மா" என்றீர்கள். அதோடு சரி.

தடித்த சொக்ஸை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது குதிகாலில் கிழிந்திருக்கிறது.

குமாரி

மழை வரும்போல இருக்கிறது. விறகை உள்ளே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாரும் காலில் இரத்தம் வழியத்தான் வந்து சேர்ந்தார்கள். என்னை ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லை, அப்பா.