ஆனந்தபாயின் பெட்டி ஏன் அணைந்தது

11 அக்டோபர் 1993, திங்கள்

நான் அதைக் கீழே போடவில்லை. சபையில் பாதிப்பேர் அப்படிச் சொல்லித் திரிகிறார்கள். மீதிப்பேர், நான் அதை வெந்நீரில் கழுவினேன் என்கிறார்கள். இரண்டும் பொய். துணியால் துடைத்தேன். நன்றாகப் பிழிந்த துணி.

நடந்தது இவ்வளவுதான். மஸ்கட்டில் நர்சாக இருக்கும் மினி, ஆகஸ்டில் லீவுக்கு வந்தபோது தன் அம்மா ஆனந்தபாய்க்கு ஒரு விளையாட்டுப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனாள். கைக்குள் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. சிறு திரையில் மேலிருந்து கட்டைகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் அந்த வரி மறையும். ஆனந்தபாய் என் கணவரின் தங்கை, நான் அவளுக்கு மைனி. அடுத்த வீடு. அவளும் கணவனை இழந்தவள். காலையில் அவள் விளையாடுவாள். மதியம் இரண்டு மணிக்குச் சுவர் வழியாக என்னிடம் நீட்டுவாள். ஐந்து மணிக்கு நான் திருப்பித் தருவேன். இரண்டு மாதமாக இதில் ஒரு நிமிடம் பிசகியதில்லை. (நான் பிசகியதில்லை.)

சனிக்கிழமை மூன்று மணிக்கு, தொண்ணூற்று நான்காவது வரியில், பெட்டி என் கையிலேயே அணைந்தது. வீட்டில் கரண்ட் இருந்தது. அடாப்டர் சூடாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு பேட்டரி போட்டேன். அதற்கும் எழவில்லை.

ஆனந்தபாய் வாங்கிப் பார்த்தாள். "மைனி, நல்லா ஓடிட்டிருந்த சாதனம். ஒங்களுக்க கையிலயாக்கும் செத்தது" என்றாள். அதுவும் சிரித்துக்கொண்டு.

12 அக்டோபர், செவ்வாய்

பேச்சு இல்லை. அவளுடைய கோழி என் பக்கம் வந்தது. அதனிடமும் நான் பேசவில்லை.

14 அக்டோபர், வியாழன்

சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஜெபம் முடிந்து தேநீர் வருவதற்குள் நான் எழுந்து நின்றேன். "ஒரு பொருளை எப்படிக் கையாளுவது என்று கான்வென்ட்டில் படித்தவள் நான். அந்தப் பெட்டிக்கு வெள்ளை நூலில் உறை பின்னிக் கொடுத்ததே நான்தான். இந்த வீண்பேச்சைச் சொன்னவர்கள் திரும்பப் பெறவேண்டும்" என்றேன்.

எல்லோரும் ஆனந்தபாயைப் பார்த்தார்கள். அவள் முறுக்கைக் கடித்தாள். அந்தச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது.

காரியதரிசி நான் ஆகையால் கூட்டக் குறிப்பை எழுதுவதும் நானே. "குற்றச்சாட்டு ஆதாரமற்றது எனக் காணப்பட்டது" என்று எழுதி முடித்தேன்.

உறையைப் பற்றிச் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. என் வீட்டில் ரேடியோவுக்கு உறை உண்டு, தண்ணீர்க் கூஜாவுக்கு உண்டு, பைபிளுக்கு உண்டு. இந்தப் பெட்டியின் உறையில், பக்கவாட்டில் அடாப்டர் வயர் நுழைவதற்கென்று ஒரு துளை விட்டிருந்தேன். ஒரு கண்ணிகூட அதிகமில்லாமல், விரலுக்கு மோதிரம்போல. வயரைப் பிடித்து இழுத்தால்தான் வரும். அவ்வளவு கச்சிதம்.

16 அக்டோபர், சனி

இரண்டு மணிக்குச் சுவரருகே போய் நின்றுவிட்டேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. அந்தப் பக்கம் ஆனந்தபாய் துணி காயப்போடுகிறவள்போல நின்றிருந்தாள். கையில் துணி இல்லை.

இருவரும் உள்ளே போய்விட்டோம்.

மதியம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

18 அக்டோபர், திங்கள்

சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ராஜையா, ஆனந்தபாய் கொடுத்தனுப்பிய பெட்டியையும் அடாப்டரையும் உறையோடு கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு தகவல். "'மைனி தானே கெடுத்தது, மைனியே நன்னாக்கட்டு'ன்னு சொன்னாவ. நான் சொல்லல்ல கேட்டியளா, அவங்க சொன்னது."

நல்லது. கெடுத்தது நான் இல்லை என்பதை ஒரு மெக்கானிக் வாயாலேயே சொல்லவைக்கிறேன்.

பாறசாலைக்குப் பஸ் ஏறினேன். ஸ்டேஷன் ரோட்டில் ரேடியோ பார்க்கும் சதாசிவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகாணிகளின் தலையில் மூன்று மூலைப் பள்ளம். அவரிடம் இருக்கும் எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதற்குப் பொருந்தவில்லை. "இது நம்மள மாதிரி ஆளுவ தொறக்கக் கூடாதுன்னு செஞ்சு வச்சிருக்கான்" என்றார். பிறகு ஒரு பால் பாயின்ட் பேனாவின் பின்முனையை விளக்கில் காட்டி இளக்கி, அதைத் திருகாணியின் தலையில் அழுத்திப் பிடித்தார். ஆறியதும் திருகினார். கழன்றது!

மீதியைப் புதன்கிழமை பார்க்கலாம் என்றார். மனிதர் புத்திசாலி. நகம் மட்டும் வெட்டலாம்.

20 அக்டோபர், புதன்

எழுதத்தான் வேண்டுமா? வேண்டும். நாட்குறிப்பில் பொய் எழுதினால் பிறகு எதற்கு அது?

சதாசிவன் பெட்டியின் வயிற்றைத் திறந்து காட்டினார். "அம்மா, இந்த ஜாக்குக்க உள்ள ஒரு குட்டித் தகடு உண்டு. வயரு குத்தினா தகடு விலகும், பேட்டரி கட்டாவும். வயர எடுத்தா தகடு திரும்ப வந்து ஒட்டும், பேட்டரி ஓடும். இப்ப தகடு ஒட்ட மாட்டேங்குது. ஏன்னு பாருங்க."

ஊசி முனையால் எதையோ வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை நூல் துணுக்கு. பிறகு இன்னொன்று. மொத்தம் ஏழு.

"வயர ஒவ்வொரு வட்டமும் இழுக்கும்போ உறையில உள்ள நூலு பிஞ்சு, திரும்பக் குத்தும்போ கூட உள்ள போயிருக்கு. போதாததுக்கு ஓட்டை இறுக்கம். வயரு ஒரு பக்கமா வலிச்சு வலிச்சு ஜாக்க ஒட்டி வச்சிருக்க ஈயமும் கீறிப்போச்சு. ரெண்டு மாசத்து வலியாக்கும் இது."

நான் துணுக்குகளைக் கைக்குட்டையில் முடிந்தேன்.

"உறை ஆரு பின்னினது? நல்ல கைவேலை."

"கடையில் வாங்கியது" என்றேன்.

எழுபத்தோரு வயதில் இது என் முதல் பொய் அல்ல. ஆனால் நானே பின்னியதை நானே இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பஸ்ஸில் நெடுக அந்த ஏழு துணுக்கும் கைக்குட்டையில் இருந்தன. ஐயோ, சங்கத்துல வச்சு, அத்தனை பேருக்க முன்ன எழும்பி நின்னு அந்த உறையத்தானே சொன்னேன்! நான் ஏன் வாயை வச்சிட்டுச் சும்மா இருக்கல்ல?

24 அக்டோபர், ஞாயிறு

ஆராதனையில் பாவ அறிக்கை. வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு ஆனந்தபாயின் குற்றங்கள்தான் ஞாபகம் வரும். இன்று வரவில்லை.

25 அக்டோபர், திங்கள்

பெட்டியை வாங்கப் போனேன். கடை வாசலில் மூன்று பேர் தங்கள் ரேடியோக்களோடு காத்து நிற்கிறார்கள். உள்ளே சதாசிவன் பெட்டிமேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

"எப்போது சரியானது?"

"வியாழக்கெழமையே ஆச்சு அம்மா. டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்."

"ஐந்து நாளாகவா?"

"ஈயம் நிக்குதான்னு பாக்கண்டாமா?" என்றவர், தலையைத் தூக்காமலே, "நூத்திப் பன்னெண்டு வரி!" என்றார்.

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். உறையைப் பிரித்துவிட்டேன். ஒரு உருண்டை நூல் ஆயிற்று.

26 அக்டோபர், செவ்வாய்

ராஜையா வசம் பெட்டியோடு அனுப்பிய கடிதத்தின் நகல்:

அன்புள்ள ஆனந்தபாய்,

பெட்டி என்னால்தான் கெட்டது. கீழே போட்டதால் அல்ல, கழுவியதாலும் அல்ல. நான் பின்னிய உறையின் நூல் ஜாக்கினுள் போயிருக்கிறது. சாட்சிக்கு ஏழு துணுக்குகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். சங்கத்தில் எழுந்து நின்று சொன்னதை, வரும் வியாழன் அதே இடத்தில் எழுந்து நின்றே திருத்துவேன். கூட்டக் குறிப்பிலும் என் கையாலேயே திருத்தி எழுதுவேன். நீ அப்போது முறுக்கு தின்னாமல் இருந்தால் நல்லது.

பெட்டி இப்போது ஓடுகிறது. வயரை இழுக்காதே. முனையைப் பிடித்துக் கழற்று.

இன்னொரு செய்தி. ரேடியோக்கார சதாசிவன் நூற்றுப் பன்னிரண்டு வரி எடுத்திருக்கிறார். என்னுடையது தொண்ணூற்று நான்கு, உன்னுடையது எண்பத்தெட்டு. இதை நாம் இப்படியே விட்டுவிடுவதா?

நாளை இரண்டு மணிக்கு நான் சுவரருகே வரலாமா, கூடாதா? நேரில் கேட்டால் நீ சிரிப்பாய். இந்தத் தாளின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். தயவுசெய்து பதிலை அதில் எழுதி அனுப்பவும்.

ஜெயபாய்