இல்லாத காட்சிக்கு ஒற்றை நட்சத்திரம்

அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருக்கும் என் மனைவிக்கு,

நேரில் சொல்ல முகமில்லை. அதனால் இதை உன் மேசையில் வைக்கிறேன்.

உன் நீதிமன்ற நாவலைப் பற்றி இணையத்தில் வாசகர்கள் எழுதுவதைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டுவாய். "கீழ வைக்கவே முடியல" என்று பாதிப் பேர். "விறுவிறுப்பு சரி, சிரிப்பு மருந்துக்கும் இல்ல" என்று மீதிப் பேர். நேற்று, 'சட்டம் அறிந்தவன்' என்ற பெயரில் ஒருவன் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்ததை வாசித்தாய்: "விசாரணை நடுவே வக்கீல் குமாஸ்தா குறட்டை விடும் காட்சி கீழ்த்தரம்."

அதன் கீழே இன்னொரு வாசகர் கேட்டிருந்தார்: "எந்தப் புத்தகத்தைச் சொல்றீங்க? இதுல அப்படி ஒரு காட்சியே இல்லையே!"

நீ என்னைப் பார்க்கவில்லை. "தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டாய்.

அந்தக் காட்சி உன் கைப்பிரதியில் மட்டும்தான் இருந்தது. அதைப் படித்தவர்கள் நாம் இருவர்தான். படித்துவிட்டு நான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அச்சில் வந்ததைத் திறக்கக்கூட இல்லை. முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, எதிர்த்தரப்பு ஆவணத்தைப் படிக்காமலே பதில் மனு எழுதியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்று முழுவதும் படித்தேன். எனக்காக அதை எடுத்திருக்கிறாய். சிரிப்பே இல்லை என்று அத்தனை பேர் சொன்னபோதும் வாயே திறக்கவில்லை.

அடுத்த பதிப்பில் சேர்த்துவிடு. நான் நீதிமன்றத்தில் குறட்டை விட்ட அன்று என்னை எழுப்பியது நீதிபதிதான் என்பதையும் எழுதிக்கொள். அதை உன்னிடம்கூட மறைத்திருந்தேன்.

இப்படிக்கு,
சட்டம் அறிந்தவன்