நூறு மீட்டருக்கு அப்பால்

மார்ச் 4

என் வாயாடி மகளுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இதற்குள் போனில் அழுதிருப்பாய்.

பள்ளி வேன் வேலை போய்விட்டது. உன் சித்தப்பா என் மேல் வாங்கிய தடை உத்தரவு முதலாளியின் காதுக்கு எட்டிவிட்டது. "பிள்ளைங்க ஏறுற வண்டி. பெத்தவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். "தம்பி வீட்டுக்கு நூறு மீட்டருக்குள்ள போகக் கூடாதுன்னுதான் உத்தரவு. வண்டி ஓட்டக் கூடாதுன்னு இல்லையே" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டார். வேறு இரண்டு இடங்களிலும் உத்தரவு உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். வாசலைக் காட்டினார்கள்.

என் மேல் என்ன தப்பு? நான் ஓட்டப் பழகிய என் அப்பாவின் பழைய வேனை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் காயலான் கடைக்குப் போட்டான். கேட்கப் போனேன். அவன் வீட்டுக் கேட்டைத் தட்டினேன். பலமாகத்தான் தட்டினேன். அது கழன்று விழுந்தது கேட்டின் குறை.

உன் அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

அடுத்த இடத்திலாவது வாயை மூடிக்கொண்டிருங்கள். முடியாதென்றால் வக்கீல் மூலம் சித்தப்பாவிடம் ஒரு மன்னிப்புக் கேளுங்கள். அவரே உத்தரவைத் திரும்பப் பெறுவார். நான் வாடகைக்கு அனுப்பிய பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். வீம்பு சோறு போடுமா?

கோபத்துடன், உங்கள் மகள்

மார்ச் 29

மகளுக்கு,

வீம்பு சோறு போட்டுவிட்டது. நகரப் பேருந்து டிப்போவில் வேலை. உத்தரவைப் பற்றி நானே முதலில் சொன்னேன். மேலாளர் அம்மா சிரித்தார். "மறைக்கிறவங்களைத்தான் நான் வீட்டுக்கு அனுப்புவேன்" என்றார்.

ஆனால் கொடுத்த வழித்தடத்தைக் கேள். உன் சித்தப்பா வீட்டு வாசலிலேயே ஒரு நிறுத்தம்! முதல் நாள் மருந்துக்கடை முனையில் வண்டியை நிறுத்தி, "இங்கேயே இறங்கி நடங்க" என்றேன்.

"என்ன பெரியவரே, பஸ்ஸுக்கு மூச்சு வாங்குதா?"

"பஸ்ஸுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் தடை."

மேலாளர் கூப்பிட்டார். "உள்ள போனா போலீஸ் பிடிக்கும், போகலைன்னா நீங்க பிடிப்பீங்க. யார்கிட்ட மாட்டணும், நீங்களே சொல்லுங்க" என்றேன். வேறு வழித்தடம் காலி இல்லை. அடுத்த மாதக் கடைசிவரை பின்தெரு வழியாகச் சுற்றிப் போகலாம் என்றார். அதற்குள் உத்தரவு தீராவிட்டால் என் வேலை தீரும். தீரட்டும். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

அப்பா

ஏப்ரல் 8

அப்பா,

சித்தி பேசினாள். பஸ் வராததால் முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரி வேலைக்கு நடந்தே போகிறாளாம். தெருவே அவர்கள் வாசலில் கூடி, "உங்க குடும்பச் சண்டைக்கு நாங்க ஏன் நடக்கணும்?" என்று கேட்கிறதாம். சித்தப்பா மட்டும், "அண்ணன் வந்து மன்னிப்பு கேக்கட்டும்" என்கிறாராம். நூறு மீட்டருக்குள் வரக்கூடாதவர் எப்படி வந்து கேட்பார் என்று சித்தி திட்டினாளாம்! இரண்டு பேருமே திருந்த மாட்டீர்கள்.

மகள்

ஏப்ரல் 29

என் செல்ல வாயாடிக்கு,

ஜெயித்துவிட்டேன். உன் சித்தப்பா தானாகவே கோர்ட்டுக்குப் போய் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். "இப்போ அண்ணன்மேல பயம் இல்லையா?" என்று நீதிபதி கேட்டாராம். "அவர்மேல இல்லீங்க, எங்க தெருக்காரங்க மேலதான்" என்றானாம். வேலையும் நிரந்தரம். பணம் அனுப்பாதே.

இன்று காலை அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன். முனையிலேயே ஹாரன் அடித்தேன், நீளமாக. நிறுத்தத்தில் தெருவே நின்று கைதட்டியது. கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறான். இந்தத் தடவை ஒழுங்காகப் பற்றவைத்திருக்கிறான். உன் சித்தி ஏறினாள். பின்னாலேயே அவன்.

"ஏறலாமா அண்ணா?"

"டிக்கெட் எடுத்தா யாரும் ஏறலாம்."

என் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். சின்ன வயதில் வேனிலும் அவன் இடம் அதுதான். கொஞ்ச தூரம் போனதும், "அதே பிரேக். அப்பவும் இப்படித்தான் குலுக்குவ" என்றான்.

"ஓடுற வண்டியில டிரைவர்கிட்ட பேசாதே" என்றேன்.

சித்தி ஆஸ்பத்திரியில் இறங்கிவிட்டாள். அவன் கடைசி நிறுத்தம்வரை வந்தான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது.

உன் அப்பா