வென்லாவின் இடது பிளேடு

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

பதினோரு வருடம் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கி கிளப். போன சனிக்கிழமை சாவுனா நீராவி அறையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வியர்த்தாய். சூட்டுக் கல்லில் இன்னும் தண்ணீர் ஊற்றச் சொன்னாய், ஊற்றினேன். கிளப்பை விட்டுப் போவதைப் பற்றி மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை பார்த்தால், நம் பிள்ளைகள் ஒன்பது பேரை நகரத்துக் கிளப்புக்கு விடுவிக்கும் தாளில் உன் கையெழுத்து. அங்கே நீதான் புதுக் கோச்சாம்.

நேற்று அவர்களோடு ஆட்டம். தொடங்க அரைமணி இருக்கும்போது, நீ கூட்டிப்போன ஒன்பது பேரில் ஒருத்தி, வென்லா, ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

“அக்கா, இடது பிளேடு வழுக்குது. அங்க யாருக்கும் சரியா சாணை பிடிக்கத் தெரியல.”

“உங்க கோச் என்ன பண்றாராம்?”

“அவர்தான் உங்ககிட்டப் போகச் சொன்னார். அவர் சொன்னார்னு மட்டும் சொல்லக் கூடாதாம்.”

பிடித்துக் கொடுத்தேன். அவள் இடது காலை அழுத்தித் திரும்புவாள் என்பது எனக்குத்தானே தெரியும். கடைசி நிமிடத்தில் அதே காலில் திரும்பி நம் கிளப்புக்கு எதிராகவே கோல் போட்டாள்.

முடிந்ததும் வரிசையில் கைகொடுத்தபோது, “நல்ல ஆட்டம்க்கா” என்றாய், என் ஷூவைப் பார்த்து.

அவள் எப்போது வந்தாலும் சாணை பிடித்துத் தருவேன். பிள்ளைக்குப் பொய் பழக்காதே.

சாவுனாவில் தொங்கிய உன் துண்டை இந்தக் கடிதத்தோடு வென்லாவிடம் கொடுத்தனுப்புகிறேன். யார் கொடுத்தது என்று அவள் தாராளமாகச் சொல்லலாம்.

உன் கூடப் பிறந்தவள்