ரவாங் குன்றில் வீசும் காற்று

என் செல்லத் தம்பி குமரா,

இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இப்போது யாரையும் கூப்பிட வேண்டியிருப்பதில்லை.

உனக்கு ஒரு செய்தி. நல்ல செய்திதானா என்று எனக்கே தெரியவில்லை. நீ கட்ட நினைத்த வானாய்வுக் கூடத்துக்கு இடம் முடிவாகிவிட்டது. அது உன் ரவாங் குன்று இல்லை.

கோபப்படாமல் கேள். அந்தக் குன்றை முதலில் பார்த்துவிட்டு வந்த அன்று நீ சாப்பிடக்கூட உட்காரவில்லை. கோலாலம்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இருட்டா என்று அதையே பேசிக்கொண்டிருந்தாய். அப்படியென்றால் அங்கேயே கட்டிவிடு என்றேன்.

"இருட்டு மட்டும் போதாதுக்கா. காத்து ஒழுங்கா ஓடணும். காத்து குழம்பினா நட்சத்திரமும் குழம்பித்தான் தெரியும்."

அதற்காகத்தான் அங்கே இரும்புக் குழாய் நட்டாய். உச்சியில் காற்றின் வேகம் காட்டும் சுழல் கிண்ணங்கள். கீழே, உயரத்துக்கு ஒன்றாக, என் பழைய புடவையைக் கிழித்துக் கட்டிய நாடாக்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கிள்ளானைத் தாண்டிக் கடலைப் பார்த்த மேட்டிலும் இன்னொரு குழாய். இரண்டு பருவக்காற்றையும் பார்த்த பிறகுதான் முடிவு என்று உங்கள் வானியல் சங்கத்தில் சொல்லிவைத்தாய். முதல் பருவம் முடிவதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

மிச்சத்தை நானும் உன் கூட்டாளி செல்வமும் பார்த்தோம். ஞாயிறுதோறும் ரயிலில் ரவாங் போவேன். ஸ்டேஷனிலிருந்து செல்வம் காரில் ஏற்றிக்கொள்வான். கடலோர மேட்டில் நாடாக்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து பறந்தன. ரவாங்கில் மேல் நாடா ஒரு பக்கம், கீழ் நாடா எதிர்ப்பக்கம். திடீரென்று எல்லாம் தொங்கிப்போகும், உடனே சாட்டை மாதிரி வீசும். பின்னாலிருக்கும் பெரிய மலையைத் தாண்டி வரும் காற்று அந்தக் குன்றின் மேல் உருண்டு விழுகிறது என்றான் செல்வம். அடுத்த பருவத்திலாவது அடங்காதா என்று காத்திருந்தேன். கொஞ்சம் தணிந்தது, அடங்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ரவாங் என்றுதான் சொன்னார்கள். கூடத்துக்கு உன் பெயரையே வைப்பதாக இருந்தார்கள். நான்தான் ரவாங் வேண்டாம் என்றேன்.

"தம்பி ஆசப்பட்ட எடம். நீங்களே வேணாம்னா எப்படிம்மா?" என்று கேட்டார் தலைவர் தேவராஜ் அங்கிள்.

நான் எழுந்து நின்றேன். "ஆசப்பட்டான், அங்கிள். ஆனா பாத்துட்டுச் சொல்றேன்னுதானே நாடா கட்டினான்?"

அந்த வாரமே உன் தொலைநோக்கியை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோனோம். ரவாங்கில், இருட்டியதும் சனிக் கிரகத்தைப் பார்த்தோம். கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல அதன் வளையம் நெளிந்தது. மறுநாள் கடலோர மேட்டில், துறைமுக வெளிச்சம் வானத்தின் ஒரு மூலையைக் கெடுத்திருந்தது. ஆனாலும் சனி அசையாமல் நின்றது. அங்கிள் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"இங்கயே கட்டலாம் லா" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன், குமரா. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இன்னொரு பருவம் பார்க்கலாம் என்று அடம்பிடித்திருப்பாயா? உன் குன்றை விட்டுக்கொடுத்திருப்பாயா? இந்த முடிவை உன்னோடு சண்டை போட்டு எடுத்திருக்க வேண்டும். எதிரில் நீ இல்லாமல் ஜெயித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ரவாங் குழாயைப் பிடுங்கிவிடலாம் என்கிறான் செல்வம். கொஞ்சம் பொறு என்றிருக்கிறேன்.

மேட்டில் அஸ்திவாரம் போட்டாயிற்று. கூரை திறக்கும் முதல் மாலை, எல்லாரும் என்னைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் பார்க்கமாட்டேன். தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, நீ குனிந்து பார்க்கும் அளவுக்கு இடம் விட்டு, சற்று நேரம் தள்ளி நிற்பேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். இது சத்தியம்.

உன்னோடு சண்டை போடக் காத்திருக்கும்
உன் அக்கா,
வசந்தி