நாலு நாளும் கறுத்த பெட்சீட்

ஒஸ்லோ, திங்கட்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் நோவு எப்படி? ஆண்டவர் துணையால் நான் சுகம்.

என் பேத்தி மெலனிக்கு இங்கே துறைமுகத்தில் புகையைக் கண்காணிக்கும் வேலை. கரைக்கு வந்த கப்பல் எஞ்சினை நிறுத்திவிட்டு, கரையிலிருந்துதான் கரண்ட் எடுக்கவேண்டும். ஒரு கப்பல்காரன், ஒரே ஒருநாள்தான் எஞ்சினை ஓடவிட்டதாகச் சாதித்தான். துறைமுகத்தைப் பார்த்த பல்கனியில் காய்ந்த என் வெள்ளைப் பெட்சீட்டை அந்தக் கப்பல் கரியாக்கிய நாலு நாளையும் நான் திகதியோடு சொன்னேன். மெலனி எஞ்சின் பதிவைப் புரட்டினாள். நாலும் சரி! இப்போது அவன் வந்தவுடன் கரைக் கரண்ட் வயரைக் கொழுவுகிறான்.

"அம்மம்மா, உங்கடை கோவத்துக்குச் சம்பளம் குடுக்கவேணும்" என்றாள். எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

பெட்சீட் இன்னும் வெளுக்கவில்லை. உடுப்புக்குப் போடும் நீலம் அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் போன் எடுக்காததையும் நான் மறக்கவில்லை.

பஸ் தரிப்பில் இருந்து எழுதுகிறேன், பஸ் வருகிறது.

தங்கை றெஜினா